மாதப்பனும் துப்பாக்கியின் வாயும்

பம்பு ஷாஃப்ட் ஒன்றை லேத்தில் கடைந்துகொண்டிருந்தபோது மாதப்பனின் மகன் குமரேசன் போனில் கூப்பிட்டான். "மாமா, அப்பா காலையில போயிட்டாருங்க" என்றான். மெஷினை நிறுத்தக்கூடத் தோன்றாமல் நின்றேன். கடத்தூரில் பஸ் ஏறி, பாப்பிரெட்டிப்பட்டியில் இறங்கி, சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் மாதப்பன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டிருந்தார்கள். இறந்தவரை அவர் என்று எழுதுவதுதான் முறை. ஆறாம் வகுப்பிலிருந்து 'டேய்' என்று கூப்பிட்டவனை இப்போது போய் 'அவர்' என்றால் எழுந்து வந்து உதைப்பான். அவன் என்றே எழுதுகிறேன். அவனைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

அவனைத் தெரிந்த எல்லோருக்கும் அவன் துப்பாக்கியையும் தெரியும். தாத்தா காலத்து லைசென்ஸ், பயிர்க் காவலுக்கு. சின்னச் சின்ன ஈய ரவைகளைப் போட்டுச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி அல்ல அது. குழலுக்குள் ஸ்க்ரூவில் இருப்பதுபோல் புரி ஓடும். குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, எண்ணெய்த் துணி சுற்றிய ஒற்றை ஈயக் குண்டை வாயில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, கம்பியால் அடிவரை தள்ள வேண்டும். மரவள்ளிக்குள் பன்றி இறங்கினால் விரட்டுவதற்கு ஒரு வேட்டுப் போடுவான், அவ்வளவுதான். ஆனால் குறி விஷயத்தில் துரைக்குக் கர்வம் உண்டு. மண் கரையில் ஒரு வரட்டியைச் சாய்த்து, சுண்ணாம்புப் பொட்டு வைத்து, எப்போதாவது சுட்டுப் பார்ப்பான். பொட்டு காணாமல் போகும். பிறகு நம்மைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பான் பாருங்கள், அதைத்தான் சகிக்க முடியாது.

தேர்தல் வந்தால் இந்தத் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப வாங்கி வர வேண்டும். கடைசித் தேர்தல் முடிந்து வாங்கி வந்தவன் வழக்கம்போல் சுட்டான். குண்டு வரட்டிக்கு ஒரு முழம் இடப்பக்கம் தள்ளிப் போய்ச் சொட்டுநீர் மெயின் பைப்பை உடைத்தது. மறுபடி சுட்டான், வெறும் மண்ணில் போய்ப் பட்டது. அதற்கு முந்தைய வருஷம்தான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. கேட்கவா வேண்டும்?

"இன்னிக்கு பைப்பு, நாளைக்கு ஆளுங்கப்பா. கண்ணு போன பிறகு அது எதுக்கு? ஸ்டேஷன்லயே குடுத்துடுங்க" என்றான் மகன் குமரேசன். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன், சின்னப் பிள்ளை ஓடியாடுகிற வீடு.

மாதப்பன் நேரே என் பட்டறைக்கு வந்தான். அப்படி ஒரு முகத்தோடு அவனை நான் பார்த்ததே இல்லை. "கண்ணுதான்னா இன்னிக்கே குடுத்துடறேன்பா. கண்ணுதானான்னு தெரியாம எப்படிக் குடுக்கறது? அப்புறம் நான் எதப் பார்த்தாலும் சந்தேகமாவே இருக்கும்ல?" என்றான். குரல் உடைந்துவிட்டது.

சட்டைப் பையிலிருந்து கருகிய துணித்துண்டுகளை எடுத்து மேஜைமேல் போட்டான். குண்டோடு வெளியே வந்து விழுந்த துணிகள், பொறுக்கி வைத்திருக்கிறான். ஒவ்வொன்றிலும் பிளேடு போட்டதுபோல் ஒரு கீறல். "மொதல்ல கம்பி வழுக்கிக்கிட்டு எறங்கும். இப்ப குண்ட வாய்ல வெக்கறப்பவே துணி எங்கேயோ மாட்டுது" என்றான்.

"அந்தச் சனியனை இங்கே தூக்கிக்கிட்டு வராதே. லைசென்ஸ் இல்லாம அதுல கை வெச்சா என்னைத்தான் உள்ளே தள்ளுவாங்க. நானே அங்கே வரேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மருந்து இல்லாத வெறும் குழல்தான் என்று உறுதி செய்துகொண்டு, பஞ்சை எடுத்து வாயின் உள்விளிம்பைச் சுற்றித் தடவச் சொன்னேன். ஓரிடத்தில் மட்டும் பஞ்சு பிடித்து இழுத்தது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் விளிம்பு நகக்கண் அளவுக்கு உள்பக்கம் மடிந்திருக்கிறது. குண்டு குழலைக் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அந்த வாய்தான். அது ஒருபக்கம் கோணினால் துணி கிழியும், பின்னால் வருகிற புகையும் ஒருபக்கமாகத் தள்ளும், குண்டு எப்படி நேராகப் போகும்?

"எங்கேடா இடிச்சே?" என்றேன். யோசித்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறான். வாய் மேலே இருந்தால் பக்கத்தில் நிற்கும் பெண்கள் பயப்படுவார்கள் என்று, குழலைத் தலைகீழாக இரும்புத் தரையில் ஊன்றி, கூட்டத்தில் அதன் மேலேயே சாய்ந்துகொண்டு வந்திருக்கிறான். குண்டும் குழியுமான ரோட்டில் பஸ் குதித்த குதிப்பெல்லாம் அந்த வாயில்தான் இறங்கியிருக்கிறது. மரியாதை பார்க்கப் போய் வந்த வினை! நான் சிரித்த சிரிப்பில் அவன் மனைவி ருக்குமணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

சரிசெய்வதில் எங்களுக்குள் சண்டை. வாயைப் புனல்போல் நன்றாக அகட்டிவிடு, குண்டு சிரமமில்லாமல் இறங்கும் என்றேன் நான். "எறங்கும்பா. ஆனா கோணலா எறங்கும், தள்ளறவனுக்குத் தெரியவும் தெரியாது. எனக்கு அகலம் வேணாம், சுத்தி ஒரே மாதிரி இருந்தாப் போதும்" என்றான். நான் விடவில்லை, அவனும் விடவில்லை. துப்பாக்கி அவனுடையது, அவன்தான் ஜெயித்தான். உருண்டைத் தலைப் பித்தளை ஸ்க்ரூவில் இன்ஜின் வால்வு தேய்க்கும் சொரசொரப்பான பேஸ்ட்டைத் தடவி, குழல் வாயில் வைத்து, மதியச் சோற்றையும் மறந்து கையாலேயே சுற்றிச் சுற்றித் தேய்த்தான். கடைசியில் விளிம்பைச் சுற்றி நூல்போல் ஒரே அளவில் சின்னச் சரிவு. பஞ்சு எங்கும் மாட்டவில்லை.

வரட்டி வைத்தோம். மகனையும் பக்கத்தில் நிற்க வைத்தான். இதுவும் தள்ளிப் போனால் இவன் என்ன ஆவான்? துணி சுற்றிய குண்டு கட்டைவிரல் அழுத்தத்திலேயே வாய்க்குள் போனது. சுட்டான். புகை கலைந்ததும் குமரேசன் ஓடிப் போய்ப் பார்த்து, "பொட்டுலயே அடிச்சிருக்கீங்கப்பா!" என்று கத்தினான். மாதப்பன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த வாரமே துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்து, லைசென்ஸும் வேண்டாம் என்று எழுதித் தந்துவிட்டான். எனக்கு வந்ததே கோபம். "பைத்தியக்காரா, அதுக்கா அவ்வளவு பாடுபட்டே?" என்று போனிலேயே கத்தினேன். அவன் சாவகாசமாகச் சொன்னான்: "கண்ணு போய்க் குடுத்தான்னு ஆவக்கூடாதுப்பா. கண்ணு நல்லா இருக்கறப்பவே நானாக் குடுத்தேன். இப்ப வூட்ல எல்லாரும் நிம்மதியாத் தூங்கறாங்க, நானுந்தான்."

அவன் காரியம் முடிந்து ஊர் திரும்பிய வாரம், நான் கடைந்த ஷாஃப்ட் ஒன்று அளவு தப்பியது. "உங்களுக்குக் கை நடுங்குதுங்கப்பா" என்றான் பட்டறையில் கூட நிற்கிற என் மகன். பழைய நானாக இருந்தால் ஸ்பானரைத் தூக்கி எறிந்திருப்பேன். இப்போது இரும்பை வெட்டுகிற டூலைக் கழற்றிப் பார்த்தேன், ஷாஃப்ட்டைக் கவ்வுகிற 'சக்'கைப் பார்த்தேன், லேத்தின் அடியில் இருக்கும் இரும்பு 'பெட்'டைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. கையை நீட்டிப் பார்த்தேன். நடுங்கத்தான் செய்தது.

பார்க்காமல் ஒத்துக்கொள்ளவும் கூடாது, பார்த்த பிறகு மறுக்கவும் கூடாது. மாதப்பனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதைத்தான். "ஆமாம்பா, கைதான். இனி நீயே ஓட்டு" என்று மகனிடம் சொல்லிவிட்டு மெஷினை விட்டு நகர்ந்தேன்.