ஐந்து கீறல் போட்ட நிலைக்கால்

அயர்லாந்தில் ஒரு பெரிய வீட்டில் ஐந்து பிள்ளைகள் ஒன்றாகச் செத்துப்போனார்கள் என்று நான் நம்பினேன். அதோடு விட்டேனா? அவர்களுடைய சவப்பெட்டிக்கு எடுத்த அளவுகள்தான் உலகத்தின் மறுகோடியில், டூங்கபி என்ற ஊரில் நான் வாங்கிய வீட்டின் நிலைக்காலில் இருக்கின்றன என்றும் நம்பினேன். பாலங்களுக்குப் பாரம் கணக்கிட்டுச் சம்பளம் வாங்குகிறவன் நான். அந்த மூளைதான் இதையும் கணக்கிட்டது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. மனைவிக்கு இரண்டு தடவை கரு தங்காமல்போய், மூன்றாவது தடவை ஏழாம் மாதம்வரை வந்திருந்தது. வென்ட்வேர்த்வில்லில் ஸ்டேஷனை ஒட்டிய வாடகை அறையில் இருந்தோம். ரயில் போனால் கோப்பைகள் ஆடும். பிள்ளை பிறப்பதற்குள் ஆடாத இடம் ஒன்றுக்குப் போய்விட வேண்டும் என்று, மெல்லிய ஃபைப்ரோ அட்டைச் சுவர் வைத்த அந்தச் சின்ன வீட்டை வாங்கினோம்.

விற்றவர் ஓர் ஐரிஷ் விதவை அம்மையார். பிளாக்டவுனில் இருந்த தங்கையோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். வீட்டைச் சுற்றிக் காட்டும்போது சின்ன அறை வாசலில் நின்றார். அந்தக் கதவும் நிலையும் மட்டும் அந்த வீட்டுக்குச் சம்பந்தமில்லாதவை. இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேலே கோட் போட்டதுபோல, அட்டைச் சுவரில் அத்தனை தடிப்பான மரம்.

"இது அயர்லாந்தில் எங்கள் பெரிய வீட்டில் இருந்தது. தம்பி கப்பலில் அனுப்பினான். அந்த வீடு இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள்" என்று நிலையைத் தட்டிக் காட்டிவிட்டு, உடுப்புத் தோய்க்கும் அறையைக் காட்டப் போய்விட்டார்.

எனக்குப் பெரிய புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. அலுவலகத்தில் பக்கத்து மேசையில் தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் இருந்தார். அவரிடம் போய் அளந்தேன்.

"அரண்மனைக் கதவு, ஐயா! கவர்னருக்கும் கிடைக்காது."

"அந்த அரண்மனை என்னாச்சு சார்?"

"இடிச்சுப்போட்டாங்களாம்."

அவர் கையிலிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். "இடிச்ச வீட்டு நிலையா? எங்க ஊர்ல அதைப் புது வீட்டுக்கு எடுக்க மாட்டாங்க. அந்த வீட்டுக்கு வந்தது இந்த வீட்டுக்கும் வரும்பாங்க."

"நீர் இதையெல்லாம் நம்புறீரோ?"

"சேச்சே, நம்பல சார். ஆனா வாங்கவும் மாட்டேன்."

சிரித்துவிட்டு வந்தேன். ரயிலில் சிரிப்பு குறைந்தது. எங்கள் ஊரிலும் நிலை வைப்பதென்றால் நாள் பார்த்து, மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்துத்தான் வைப்பார்கள். நான் வாங்கிய நிலைக்கு யார் என்ன உடைத்தார்களோ?

சனிக்கிழமை அறைக்குப் பெயின்ட் அடிக்கத் தனியே போனேன். பழைய பெயின்டை மேலிருந்து சுரண்டிக்கொண்டு வந்தபோது, என் மூக்கு மட்டத்தில் கத்தியால் கீறிய ஒரு கோடு தெரிந்தது. பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து, ஓர் ஆண்டு. இன்னும் சுரண்டினேன். கொஞ்சம் கீழே இன்னொரு கோடு, வேறு எழுத்து. இடுப்பு மட்டம்வரை ஐந்து கோடுகள், ஐந்து எழுத்துகள். ஆண்டு மட்டும் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் பிள்ளைகளின் உயரத்தை அளக்க விடமாட்டார்கள். "அளந்தால் வளர்த்தி நிண்டுபோகும்" என்று அம்மா விரட்டுவார். ஆளுக்கு அளவெடுப்பது இரண்டே இரண்டுக்குத்தான்: சட்டைக்கும் பெட்டிக்கும். சட்டைக்கு அளவெடுத்து யாரும் நிலைக்காலில் கீறுவதில்லை.

சுரண்டி கையிலிருந்து விழுந்தது. ஒரே ஆண்டில் ஐந்து பெட்டி. காய்ச்சலா? நெருப்பா? நெருப்பாக இருக்குமோ என்று நிலையை மோந்து பார்த்தேன். பெயின்ட்தான் மணத்தது. அது எனக்கு ஆறுதலாகவில்லை, நெருப்பை மறைக்கத்தான் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அடுத்த படிக்குப் போனேன். இந்த வாசலால் என் பிள்ளையைக் கொண்டுபோவதா? மாட்டேன்.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் ஆணிகூட அடிக்கக் கூடாது, இடிப்பது அறவே கூடாது. நாங்கள் அடுத்த கிழமை குடிபோக வேண்டும். ஆகவே மனைவி வந்து ஏறுவதற்கு முன்பே நிலையைப் பிடுங்கிவிட வேண்டும். ஒரு பயத்திலிருந்து தப்ப இன்னொரு பயத்தின் சட்டங்களை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தவன் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் நிலையை நெம்ப ஓர் இரும்பு அலவாங்கோடு புறப்பட்டேன். மனைவி விடவில்லை.

"பெயின்ட் அடிக்க அலவாங்கு என்னத்துக்கு?"

"பெயின்ட் டின் திறக்க."

"அப்ப நானும் வாறன். உந்த டின்னை நானும் பாக்க வேணும்."

பெயின்ட் மணம் கூடாது என்று சொல்லி அவளைப் பின்படியில் இருத்திவிட்டு, சாப்பாட்டுப் பார்சலையும் மடியில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். அவள் இருந்தது வீட்டுக்கு வெளியே. சட்டப்படி நான் குற்றவாளி இல்லை. சுவருக்கும் நிலைக்கும் நடுவில் அலவாங்கை விட்டு ஒரு நெம்பு நெம்பினேன். நிலை அசையவில்லை. சுவரில்தான் சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு ஓட்டை விழுந்தது.

"என்னப்பா அது சத்தம்?"

"டின்!"

அதே நேரத்தில் முன்கதவைத் தட்டும் சத்தம். தான் வளர்த்த ரோசாவில் ஒரு தடி வெட்டிக்கொண்டு போவதற்கு அம்மையார் வந்திருந்தார். மனைவி அவரை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தாள். இருவரும் வாசலில் நின்று என்னையும், அலவாங்கையும், ஓட்டையையும் வரிசையாகப் பார்த்தார்கள்.

"அந்த ஓட்டை நான் இருந்தபோது இல்லையே" என்றார் அம்மையார்.

எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான். "அந்தப் பிள்ளைகள் எப்படிச் செத்தார்கள்?"

"எந்தப் பிள்ளைகள்?"

அலவாங்கு முனையால் கீறல்களைக் காட்டினேன். அவர் கைப்பையில் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றி, நிலைக்காலில் முதுகை ஒட்டி நின்று, உள்ளங்கையைத் தலையில் தட்டையாக வைத்தார். கை, இரண்டாவது கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது.

"இது நான். அப்போது இருந்ததைவிடக் கட்டையாகிவிட்டேன்" என்றார், நான் அதைப் பற்றித்தான் முறையிட்டேன் என்பதுபோல.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு, பெட்டிக்கு அளவெடுப்பது அவளும் அறிந்ததுதானே. தரையில் கிடந்த சுரண்டியை என்னை எடுத்துத் தரச் சொல்லி, ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்துகொண்டு, நான் தொடாத எதிர்ப்பக்க நிலைக்காலைச் சுரண்டினாள். அதே எழுத்துகள் திரும்பவும் வந்தன, முந்திய ஆண்டுகளோடு. இன்னும் கீழே இன்னும் முந்திய ஆண்டுகள். தொடை மட்டத்தில் கடைசிப் பிள்ளை.

"என்னப்பா, ஒரே பிள்ளைக்கு வருசா வருசம் பெட்டி செய்தவங்களோ?"

"நான் இந்தக் காலை மட்டும்தான்..."

"விசர். சுவரையும் உடைச்சுப்போட்டு நிக்கிறியள். அந்த மனிசிக்குத் தேத்தண்ணியாவது போடுங்கோ."

வெறும் தேத்தண்ணியோடும் எங்கள் பார்சல் சாப்பாட்டோடும் அம்மையார் கதை சொன்னார். அந்த வீட்டில் அறைகள் எத்தனை என்று அவர்களுக்கே தெரியாதாம். எண்ணப் போனவர்கள் குளிரில் பாதியில் திரும்பிவிடுவார்களாம். மழைக்காலத்தில் மாடிப்படி முழுக்க வாளி. அப்பா ஓவர்கோட் போட்டபடியே மேசையில் இருந்து சாப்பிடுவார். நடன மண்டபத்தில் அம்மா கோழி வளர்த்தார். பியானோவுக்குள் முட்டை தேடுவது பிள்ளைகளின் வேலை.

"பிறகேன் அந்த ஆண்டோடு கீறல் நின்றது?" எனக்குப் பயம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"அந்த வருடம்தானே வீட்டை விட்டுப் போனோம்! கேற்றடியில் காவல்காரனுக்குக் கட்டிய சின்ன வீடு காலியாக இருந்தது. இரண்டே அறை, ஒரே அடுப்பு. ஏழு பேரும் அங்கே போனோம். வாழ்க்கையில் முதல் தடவையாக என் கால் சூடானது அங்கேதான்."

"அழவில்லையா?"

"கோழிகள் அழுதிருக்கும்" என்றார்.

நான் ஓட்டையைப் பார்த்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்த்து எனக்குப் பயம் வந்து, சிரிக்காதே என்று அவளைக் கெஞ்சினேன்.

ஓட்டைக்கு ஒரு பலகையை வைத்தேன். அதை அடிக்க ஆணி தேவைப்பட்டது. குடிபோவதற்கு முதல்நாளே அடித்து முடித்தேன், நம்பிக்கையால் அல்ல, எதற்கும் இருக்கட்டும் என்று. குடிபோனோம். மகள் அந்த வாசலால்தான் உள்ளே வந்தாள், சுகமாக, பெரிய சத்தத்தோடு.

அந்த ஐரிஷ் வீட்டுக்கு நடந்தது இவ்வளவுதான். கூரை ஒழுகியது. ஆட்கள் சின்ன வீட்டுக்குப் போனார்கள். கூரையில்லாத வீட்டுக்கு வரி இல்லை என்று கூரையைக் கழற்றினார்கள், பிறகு சுவரை இடித்துக் கல்லை ரோட்டுக்குப் போட்டார்கள். அங்கே ஒரு பிள்ளையும் சாகவில்லை.