யார் வீட்டிலும் கை நனைக்காத விருந்து

அக்காவின் பெட்டியை ஒழுங்குபடுத்தியபோது கிடைத்த நாள்காட்டித் தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. முன்பக்கம் ஆவணி மாதத்து ஒரு வியாழக்கிழமை. பின்பக்கம் நீல மையில் அக்காவின் கையெழுத்து: "ஐப்பசி மூணாவது ஞாயிறு. பரளச்சி கண்மாய்க்கரை, புளியமரத்தடி. காலை பத்து மணி. எல்லாரும் கட்டுச்சோறு கொண்டு வரணும். யார் வீட்டிலும் யாரும் கை நனைக்க வேண்டாம்." ஆண்டு எழுதப்படவில்லை. ஆனால் அக்கா மகள் திருமணத்துக்கு முந்தைய ஐப்பசி அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆவணித் தாளில் எழுதியிருப்பதால், இரண்டு மாதம் முன்பே அக்கா திட்டமிடத் தொடங்கிவிட்டார் என்றும் கொள்ளலாம்.

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர் அன்று அந்தக் கரையில் இருந்தவர்கள். இல்லாதவர்களுக்காகத் தங்கையாகிய நான் தெரிந்ததை வரிசைப்படி எழுதுகிறேன்.

அக்கா பரளச்சியில் பிறந்தார். பள்ளிச் சான்றிதழில் இருப்பது ஜூன் மாதத் தேதி. சேர்க்கைக்காக ஆசிரியர் போட்டது. அம்மா சொன்னது, "கார்த்திகையில, மொளகா நட்டுட்டு வந்த அன்னைக்கு." நான் அம்மாவின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். பெரியண்ணன், சின்னண்ணன், அக்கா, நான் என்று நாங்கள் நால்வர். எட்டாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. பந்தல்குடியில் வாழ்க்கைப்பட்டார். மச்சான் லாரி ஓட்டினார். அதிர்ந்து பேசாத மனிதர். மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது மஞ்சள் காமாலையில் தவறிப்போனார்.

அதன்பின் அக்கா சத்துணவு மையத்தில் சமையலர் ஆனார். பகலில் நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மகளுக்காக மறுபடி அடுப்பு மூட்டுவார். அந்த ஆண்டுகளில் அக்காவைத் தாங்கியவர்கள் அண்ணன்கள் இருவரும். அருப்புக்கோட்டையில் வேலை பார்த்த பெரியண்ணன், அக்கா மகள் கொஞ்சம் வளர்ந்ததும் அவளைத் தம் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தார். சின்னண்ணன் ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்து, ஒழுகிய கூரையைப் பிரித்து ஓடு மாற்றிக் கொடுத்தார். உன் தாய்மாமன் யார் என்று யாராவது கேட்டால், அந்தப் பிள்ளை இரண்டு விரலைக் காட்டும்.

அப்படிப்பட்ட அண்ணன்களுக்குள் பேச்சு நின்றது ஒரு கல்யாணப் பத்திரிகையால். பெரியண்ணன் மகன் திருமணப் பத்திரிகையில் சின்னண்ணன் பெயர் விட்டுப்போனது. அச்சில் ஒரு வரி தவறிவிட்டது என்றார் பெரியண்ணன். எழுதிக் கொடுத்தால்தானே அச்சில் வரும் என்றார் சின்னண்ணன். திருமணத்துக்கு வந்தார், பிள்ளைகளை வாழ்த்தினார், பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டார். அடுத்த ஆண்டு சின்னண்ணன் புது வீடு கட்டிக் குடிபோனார். பெரியண்ணன் வந்தார், வீட்டைச் சுற்றிப் பார்த்தார், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார். ஒருவர் வீட்டில் இன்னொருவர் கை நனைக்காமல் ஆறு ஆண்டுகள் ஓடின.

இதற்கிடையில் அக்கா மகளுக்குத் தை மாதம் திருமணம் என்று ஆனியில் பேசி முடித்தோம். மேடையில் மாலை எடுத்துக் கொடுக்க இரண்டு தாய்மாமன்களும் வருவார்கள். அதில் அக்காவுக்குச் சந்தேகமில்லை. வந்துவிட்டுச் சாப்பிடாமல் போய்விடுவார்களோ என்பதுதான் பயம்.

"ரெண்டு பேர்ல ஒருத்தவுக கை நனைக்காம போனாலும், எம்புள்ள கல்யாணம் கல்யாணமா இருக்காதுடி" என்று என்னிடம் சொன்னார்.

"அதுக்கு முன்னால ஒங்க வீட்டுல வச்சு ரெண்டு பேரையும் கூப்பிட வேண்டியதுதான?" என்றேன்.

"கூப்பிட்டா யார மொதல்ல கூப்பிட்டன்னு பேச்சு வரும். என் வீட்டுல ஒரே பந்தியில உக்காரச் சொன்னா, நான் யாரு பக்கம்னு வரும். வீடும் இல்லாம, அழைப்பும் இல்லாம ஒரு விருந்து வேணும்."

அந்த நாள்காட்டித் தாள் அப்படித்தான் உருவானது. அவரவர் சோற்றை அவரவர் கொண்டு வந்தால் யாரும் யார் வீட்டிலும் கை நனைத்ததாக ஆகாது. அண்ணன்கள் மறுக்க அதில் ஒரு காரணமும் இல்லை. விதைப்பு முடிந்து களையெடுப்பு தொடங்காத வாரமாகப் பார்த்து ஞாயிறு குறித்திருந்தார். தாளைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் போடச் சொன்னார். அழைப்பவர், அழைக்கப்படுபவர் எவர் பெயரும் அதில் இல்லையே என்று கேட்டேன்.

"பேரு போட்டாத்தான விட்டுப்போகும்?" என்றார்.

குறித்த நாளில் எட்டு வீட்டார் வந்தார்கள், முப்பது பேருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். பெரியண்ணன் குடும்பம் மரத்துக்குக் கிழக்கே பாய் விரித்தது, சின்னண்ணன் குடும்பம் மேற்கே. அக்கா நடுவில் இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டிகளைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"மதினி, என்ன கொண்டாந்தீக?" என்று சின்னண்ணன் மனைவியான சின்ன மதினியைக் கேட்டேன்.

"புளிச்சோறு. நீங்க?"

"நானும் அதான்."

எட்டு வீட்டிலும் அதுதான். தொட்டுக்கொள்ள ஒரு துவையல்கூட இல்லை. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏத்தா, சொல்லி வச்ச மாதிரி எட்டு வீட்லயுமா?"

"கட்டுச்சோறுன்னு எழுதுனது யாரு? கட்டுச்சோறுன்னா வேற என்னத்தக் கட்டுறது?" என்றார் பெரிய மதினி.

"நூறு புள்ளைக்கு ஆக்கிப்போட்டவளுக்கு முப்பது பேருக்கு எழுதத் தெரியல பாருங்க" என்று அக்காவே சிரித்தார்.

இலை போடும் நேரத்தில் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்து, சடசடவென்று மழை பிடித்தது. விதை போட்ட காட்டுக்காரர்கள் யாரும் அந்த மழையைத் திட்டவில்லை. கைக்குக் கிடைத்த சட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டோர பஸ் நிழற்குடைக்கு ஓடினோம். பத்துப் பேர் நிற்கும் இடத்தில் அத்தனை பேரும் நெருங்கினோம். கிழக்கு, மேற்கு என்று ஒதுங்க அங்கே வழியில்லை. ஒரே சிமெண்டுப் பெஞ்சில் இரண்டு அண்ணன்களும், நடுவில் அக்காவும்.

கூட்டத்தைப் பார்த்து ஒரு பஸ் வந்து நின்றது. "எல்லாம் அருப்புக்கோட்டையா? ஏறுங்க, ஏறுங்க" என்றார் கண்டக்டர்.

"ஏறல தம்பி. சாப்பிட வந்தோம். நீங்க சாப்ட்டீகளா?" என்று அக்கா ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

கண்டக்டர் வாங்கிக்கொண்டு சட்டிகளை எட்டிப் பார்த்தார். "என்னக்கா, பூராம் புளிச்சோறா இருக்கு?"

பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அண்ணன்கள் இருவரும் சிரித்தார்கள்; பிறகு அதை உணர்ந்து ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பெரியண்ணன் பக்கத்தில் இருந்த தூக்குச்சட்டியிலிருந்து தாமே இலையில் போட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். நாலு வாய் ஆன பிறகு பொதுவாகச் சொன்னார்: "கடலை நல்லா முறுகியிருக்கு. உப்புதான் ஒரு கல்லு கம்மி."

"கம்மியா? நான் அளந்துல்ல போட்டேன்!" என்றது சின்ன மதினியின் குரல்.

அவர் சாப்பிட்டது சின்னண்ணன் வீட்டுச் சோறு. பெரியண்ணன் கை இலையில் நின்றது. அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா இன்னும் ரெண்டு கரண்டி வையித்தா. சரியாப் பாத்துச் சொல்றேன்" என்றார் பெரியண்ணன்.

பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து சின்னண்ணன் யாரையும் பார்க்காமல் பேசினார்: "குத்தம் சொல்லிக்கிட்டே பூராத்தையும் தின்னுருவாரு. கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்லுங்க."

"ஏலே, ஒனக்கு வேணும்னா எங்க சட்டி இந்தா இருக்கு. எடுத்துத் தின்னு."

சின்னண்ணன் எடுத்துத் தின்றார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மழைச் சாரல் என்றார்.

தை மாதம் மகள் கழுத்துக்கு மாலையை இரண்டு தாய்மாமன்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து எடுத்துக் கொடுத்தார்கள். முதல் பந்தியில் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தார்கள். அது முதல் ஒவ்வோர் ஐப்பசியும் அக்கா கூட்டம் கூட்டினார். யார் என்ன கொண்டு வர வேண்டும் என்று வீடுவாரியாக எழுதி அனுப்பினார். புளிச்சோறு எப்போதும் சின்னண்ணன் வீட்டுக்கு, உப்பு பார்ப்பது எப்போதும் பெரியண்ணனுக்கு.

ஐந்தாவது கூட்டத்துக்கு அக்கா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி வந்தார். சிறுநீரகம் பழுதாகியிருந்தது. மதுரை மருத்துவமனையில் இருந்த நாட்களில் பெரியண்ணன் வீட்டுச் சோறும் சின்னண்ணன் வீட்டுக் குழம்பும் ஒரே அடுக்குச்சட்டியில் வந்தன. அதிகம் சாப்பிட முடியாவிட்டாலும் இரண்டையும் தொட்டு வாயில் வைப்பார். மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அமைதியாகப் பிரிந்தார். அவர் இல்லாத முதல் ஐப்பசியில் அண்ணன்கள் இருவரும் சேர்ந்து கூட்டம் கூட்டினார்கள். பத்து வீட்டார் வந்தோம். மகள் தன் ஆறு மாதக் குழந்தையோடு வந்திருந்தாள்.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அழைத்தபோதெல்லாம் காரோடு வந்து நின்ற பந்தல்குடி அண்டைவீட்டாருக்கும், சத்துணவு மையத்துத் தோழிகளுக்கும், துக்க நாட்களில் எங்கள் வீடுகளுக்குச் சோறு ஆக்கிக் கொண்டுவந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஒன்றை மட்டும் என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. மழையன்று பெரியண்ணன் எடுத்துச் சாப்பிட்ட தூக்குச்சட்டியைப் பின்னால் வாங்கிப் பார்த்தேன். அதன் கழுத்தில் சின்னண்ணன் பெயர் பெரிய எழுத்தில் வெட்டியிருக்கிறது. சாப்பிடும் முன் படித்தீர்களா என்று பெரியண்ணனைக் கேட்டேன். "அன்னைக்குக் கண்ணாடி கொண்டு வரல தாயி" என்றார். மகள் அன்று போனில் எடுத்த படத்தில் அவர் சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு போல ஒன்று தெரிகிறது. படம் மழையில் மங்கலாக இருப்பதால், அது கண்ணாடிதானா என்று இதுவரை உறுதியாகவில்லை.