விளக்கு வைத்த பிறகு சாப்பிட்டவள்

எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுக் கை கழுவிவிட வேண்டும். நாங்கள் சமணர்கள். விளக்கு வைத்த பிறகு சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாத பூச்சி வாய்க்குள் போய்விடும், அந்த உயிரைக் கொன்ற பாவம் நம்மைச் சேரும் என்பார்கள். தாமல் பக்கத்தில் நான் பிறந்த வீட்டிலும் இதே வழக்கம்தான். அதனால் எனக்குத் தெரியாது, பழக்கமில்லை என்றெல்லாம் சாக்குச் சொல்ல முடியாது. வயிற்றில் பிள்ளை இருந்தது, பசித்தது, சாப்பிட்டேன்.

முதலில் தரித்தது மூன்றாம் மாதமே கலைந்துவிட்டதால் இரண்டாவது முறை எல்லோருக்கும் பயம். என் வீட்டுக்காரருக்குக் காஞ்சிபுரம் கடைத்தெருவில் அரிசி மண்டி. அவர் மண்டியைப் பூட்டிக்கொண்டு வரும்போது நான் பசியில் சுருண்டு படுத்திருப்பேன். பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் மந்தாரை இலையில் நான்கு இட்லி மடித்துச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். பிறகு அடிக்கடி கொண்டுவந்தார். அந்த வீட்டில் நடந்த ஒரே திருட்டு அதுதான். ரொம்ப ருசியான திருட்டு. கொல்லைக் குப்பையில் காய்ந்த இலையைப் பார்த்து மாமியார் கண்டுபிடித்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார். அது அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பையன் பிறந்தபோது சரியாக அழக்கூட இல்லை. தூக்கினால் நனைந்த துணி மாதிரி கையில் துவண்டான். கண்கள் ஓரத்தில் மேல்நோக்கி ஏறியிருந்தன. நாக்கு வெளியே துருத்திக்கொண்டே இருந்தது. உள்ளங்கையில் குறுக்காக ஒரே ஒரு ரேகைதான் ஓடியது. மாமியார் அந்தக் கையை விரித்துப் பார்த்து மூடினார். பாலைக் குடிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பஞ்சில் நனைத்துப் புகட்டியதும் அவர்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாதங்கள் போகப் போக, இவன் மற்ற பிள்ளைகள் மாதிரி இல்லை என்பது வீதிக்கே தெரிந்துவிட்டது. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அடுத்த வீட்டில் தறி போட்டிருந்த தெலுங்குக்கார அம்மாள், நான் கிரகணத்தில் வெளியே வந்திருப்பேன் என்றாள். எங்கள் உறவுக்காரர்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. இட்லிக் கதை அதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டிருந்தது. கல்யாணம், காரியம், திருப்பருத்திக்குன்றத்துக் கோயில், எங்கே போனாலும் யாராவது ஒருத்தி பையனைப் பார்ப்பாள், பிறகு என் வயிற்றைப் பார்ப்பாள். என் வீட்டுக்காரரைப் பார்த்து நீ என்னப்பா செய்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். பெரியவர்கள் முன்னால் என்ன பேசுவது?

கேட்காதவர்களுக்கும் சேர்த்து அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார் போலிருக்கிறது. வாங்கிக்கொண்டு வந்தவன் தான்தானே என்று மாலைச் சாப்பாட்டை விட்டார். பிறகு காலையிலும் விட்டார். மத்தியானம் ஒரு வேளைதான். மூட்டை தூக்குகிற இடத்தில் நிற்கிற மனுஷர், கன்னம் ஒட்டிப்போய்விட்டது. வேண்டாம் என்று சண்டை போட்டேன், அழுதேன். அசையவில்லை.

மறுபடியும் ஒன்று தரித்துக் கலைந்தது. மாமியார் கூரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்தார். சட்டமெல்லாம் வந்து வருஷக்கணக்காகியும் இரண்டாம் கல்யாணங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. "நீயும் இரும்மா, ஒன்ன யாரு போவச் சொன்னாங்க" என்று என்னிடமே சொன்னார். கொடுமை என்னவென்றால், அதை அவர் பிரியமாகத்தான் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் பையனுக்குச் சளிக்கு மருந்து கொடுத்த டாக்டர், மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பரிசோதித்து இதற்குக் காரணம் சொல்கிறார்கள் என்றார். நான் பிடிவாதமாகக் கிளம்பினேன். என் மேல் விழுந்த பழியை எந்த டாக்டராவது எடுத்துவிட வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். பல வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

அங்கே இருந்தது ஒரு லேடி டாக்டர். காஞ்சிபுரம் என்றதும் முகம் மலர்ந்து, தறியில் இழை ஓடுவதை வைத்தே சொல்லிவிடுகிறேன் என்றார். எங்களுக்குத் தறியெல்லாம் இல்லை, அரிசி மண்டி என்றேன். பாவம், தயார் செய்து வைத்திருந்தது வீணாகிவிட்டது. மேஜையிலிருந்த பென்சில்களை எடுத்தார். நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் குரோமோசோம் என்று நூல் மாதிரி இருக்கிறது, எல்லாம் ஜோடி ஜோடி என்றார். பிள்ளைக்கு ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து போகும். உங்கள் பையனுக்கு ஒரு சின்ன ஜோடியில் மட்டும் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கிறது. உடம்பு துவள்வது, கண், நாக்கு, தாமதமாக நடப்பது, எல்லாம் அந்தக் கூடுதலால் வந்தது.

"நான் ராத்திரியில சாப்பிட்டேன் டாக்டர்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சாப்பாட்டுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றார். பிறகு இரண்டு பென்சில்களை முனையோடு முனை வைத்துப் பிடித்து என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் உடம்பில் அந்த ஜோடி இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. மொத்தத்தில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அதனால் அவருக்கு ஒரு கெடுதலும் தெரியாது. பிள்ளைக்குக் கொடுக்கும்போது மட்டும் இரண்டாகப் பிரித்துக் கொடுக்க வராது. இரண்டும் சேர்ந்து போகும், இல்லாவிட்டால் ஒன்றுமே போகாது. ஒன்றுமே போகாவிட்டால் கரு தங்காது. சேர்ந்து போனால், தங்குகிற பிள்ளை இப்படித்தான் பிறக்கும்.

"எப்பவுமேவா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

எப்போதுமே என்றார் டாக்டர். சரி செய்ய மருந்து இல்லை. அவரோடு ஆரம்பித்த விஷயம் இது, கூடப் பிறந்தவர்களுக்கு இருக்காது என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, உண்மையாகவே சந்தோஷம். நான் இல்லை, நான் இல்லை என்று மனசுக்குள் குதித்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது வடிந்தது. பையன் அவர் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தான். பூந்தமல்லி தாண்டியதும் அவர் மெதுவாகச் சொன்னார்: "பாவம்னா கழிச்சிக்கலாம். இதுக்கு என்னா பண்றது?"

பட்டினி கிடக்க வேண்டாம் என்று எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன். அந்தப் பட்டினி அவருக்கு ஒரு பிடியாக இருந்திருக்கிறது. அதையும் நானே கூட்டிக்கொண்டு போய்ப் பிடுங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் மறைக்கவில்லை. "கொற எங்கிட்டதான் இருக்குதும்மா, கூரத்துப் பொண்ணு வேணாம்" என்று நேராகச் சொல்லிவிட்டார். அந்த ஒன்றுக்காக அவரை நான் எப்போதும் மதிப்பேன். மாமியார் ஜாதகம் ஒத்துவரவில்லை என்று கூரத்துக்கு ஆள் அனுப்பினார். அதற்கடுத்த நாள் நான் உலை வைத்திருந்தபோது சமையல்கட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என் கையைப் பிடித்ததில்லை.

"இது ஊருக்குத் தெரிய வேணாம்மா. ஒரு பொண்ணு இன்னும் வீட்ல நின்னுக்கினு இருக்குது."

என் நாத்தனாரைச் சொன்னார். அது அவருக்கு மட்டும்தான், தங்கைக்கு வராது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது.

"டாக்டருக்குத் தெரியும். பொண்ணு பாக்க வர்றவங்களுக்குத் தெரியுமா? இந்த ரத்தம்னா ஒருத்தனும் வாசப்படி மிதிக்க மாட்டான்." பிடித்த கையை விடாமலே சொன்னார்: "ஒம்மேலயே இருக்கட்டும்மா."

எனக்கு வந்த கோபத்துக்கு உலையைத் தூக்கிக் கவிழ்த்திருப்பேன். ஆனால் வெளியே கூடத்தில் நாத்தனார் என் பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நடை பழக்கிக்கொண்டிருந்தாள். அவனுக்கு முதலில் நிற்கச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அவள் தலையில் இதைப் போட என்னால் முடியவில்லை. என் தலையிலிருந்து இறக்கி வைக்கவும் இடம் இல்லை. அரிசியைக் களைந்து போட்டேன்.

வந்தவாசிப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நல்ல மனுஷர்கள், மாப்பிள்ளைப் பையன் பள்ளிக்கூட வாத்தியார். பெண் பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. என் மகனுக்கு யார் வந்தாலும் சொந்தம். தத்தித் தத்திப் போய் மாப்பிள்ளையின் அம்மா மடியில் ஏறி உட்கார்ந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவள் அவன் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். பிறகு நாத்தனாரைப் பார்த்தாள். கொழந்த ஏன் இப்பிடி இருக்குது, இது உங்க வம்சத்துலயே உண்டா என்று மாமியாரிடம் கேட்டாள்.

வாசல் நிலையில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மாமியார் என்னைத்தான் பார்த்தார்.

"வம்சத்துலலாம் ஒண்ணும் இல்லீங்கம்மா," என்றேன். "மாசமா இருக்கச்சே நான்தான் வெளக்கு வச்ச பெறகு சாப்பிட்டுட்டேன்."

அந்த அம்மாள் முகம் தெளிந்தது. அடுத்த முறையாவது நாக்கைக் கட்டி வை, உனக்கு நல்ல பிள்ளையாகப் பிறக்கும் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். சரிங்கம்மா என்று சொல்லிவிட்டு, பையனை அவள் மடியிலிருந்து தூக்கிக்கொண்டேன்.