கோவிந்தப்பன் போட்ட ஜம்பர்

கோவிந்தப்பன் ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு வருடமாக மெயின்டனன்ஸ் ஃபிட்டர். கோளாறு வந்தால் உற்பத்தி லைனை நிறுத்துவதற்கென்றே பொருத்திய சென்சார்களின் வாயை அடைத்து, லைன் நிற்காமல் பார்த்துக்கொள்வதில் பேர் வாங்கியவர். சென்சார் பழுதானால் அதன் இடத்தில் ஒரு ரெசிஸ்டரை வைத்து, எல்லாம் ஒழுங்காக இருப்பதாக இயந்திரத்தை நம்பவைப்பார். அதற்கு ஜம்பர் என்று பெயர். ‘ஜம்பர் போட்டிருக்கு’ என்று சொன்னால் போதும், புதுச் சென்சார் வரும்வரை ஒரு ஆள் பக்கத்திலேயே காவல் நிற்பான். யாரும் எழுதி ஒட்டியதில்லை. ஷாப் ஃப்ளோரில் எல்லோருக்கும் தெரியும்.

மூர்த்தி வீட்டில் தெரியாது.

அதே தொழிற்சாலையில் பர்ச்சேஸ் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற மூர்த்தி, முட்டிவலிக்காக மாடியில் ஹாட் டப் என்கிற வெந்நீர்த் தொட்டி வைத்திருந்தார். நேற்று அதன் வெப்பச் சென்சார் பழுதாகி, கன்ட்ரோல் பெட்டி கூவிக்கூவி நின்றுபோனது. உள்ளே இரண்டு சென்சார்கள்: சூட்டை அளக்க ஒன்று, அது பொய் சொன்னால் காட்டிக்கொடுக்க இன்னொன்று. கோவிந்தப்பன் பாரபட்சம் பார்க்கவில்லை. இரண்டையும் கழற்றிவிட்டு ரெசிஸ்டர் வைத்தார்.

“ஜம்பர் போட்டிருக்கேம்மா. நாளைக்குப் புதுசு வாங்கியாறேன்” என்று மூர்த்தியின் மனைவி ஜெயமணியிடம் சொல்லிவிட்டு மதியம் கிளம்பினார்.

இன்று காலை பத்து மணிக்கு அவர் மாடியேறியபோது, டப்பின் மூடி திறந்திருந்தது. ஆவி தலைக்கு மேல் நின்றது. திரையில் 37 டிகிரி.

“பனிக்கு இப்படித்தான் புகையுது. என்ன மாயம் பண்ணீங்களோ, நேத்திலேருந்து ஒரு தடவகூட கத்தலையே! உங்களுக்கு நல்ல கைராசி” என்றார் ஜெயமணி.

“ராத்திரி ஆஃப் பண்ணலியாம்மா?”

“எதுக்கு? அதான் சரி பண்ணிட்டீங்களே.”

முப்பத்தெட்டு வந்தால் ஹீட்டர் தானே நின்றுவிடும். ஆனால் ரெசிஸ்டருக்குத் தெரிந்தது முப்பத்தேழு மட்டும்தான்.

கோவிந்தப்பன் புதுச் சென்சாரைத் தண்ணீரில் தொங்கவிட்டு மீட்டரை மாட்டினார். சூடு ஏற ஏற எண் குறையும். குறைந்துகொண்டே போனது.

“சார் டப்புல எறங்கலையே?”

“இப்பத்தான் வராரு. நீங்க வேற, சுகர் வந்ததிலேருந்து அவருக்குக் கால்ல உணர்ச்சியே கெடையாது. நேரா எறங்கிடுவாரு, நான்தான் கைய விட்டுப் பாக்கணும். இன்னிக்குப் பாக்கல, அதான் திரையிலயே போடுதே.”

இரண்டு மூன்று நிமிடம் கழித்து மீட்டர் 3.4 கிலோ ஓமில் நின்றது. எத்தனை ஓமுக்கு எத்தனை டிகிரி என்ற அட்டவணை அவருக்கு மனப்பாடம். ஐம்பத்திரண்டு டிகிரி.

நிமிர்ந்தபோது எதிர்ப்பக்கம் மூர்த்தி எப்போதோ வந்து விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் உள்ளே விட்டிருந்தார்.

“சார்! எடுங்க! கால எடுங்க சார்!”

“என்னய்யா கோவிந்தப்பா, காலங்காத்தால கத்துற? வெதுவெதுன்னுகூட இல்ல. இன்னும் கொஞ்சம் ஏத்து.”

கோவிந்தப்பன் சுற்றி ஓடிப்போய் அவரை வெளியே இழுத்துப்போட்டார். கணுக்கால் வரை செக்கச்செவேல். மூர்த்தி அதை அடுத்த வீட்டுக்காரர் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரி எல்லாம் எதுக்குய்யா? வலியே இல்லியே” என்று மூர்த்தி, கோவிந்தப்பனின் முதுகிலிருந்தபடி படி இறங்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். கால் சுவரில் இடிக்காமலிருக்கக் குதிகாலைத் தாங்கிய கோவிந்தப்பனின் உள்ளங்கையில், தோல் மட்டும் மெல்ல நழுவியது.