பேர் கூப்பிடும்வரை

பழைய ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் என் மகளை விடப் போகும்போதெல்லாம் ஒரு மலேசியப் பூர்வகுடி மனிதரைப் பார்ப்பேன். சுருட்டை முடி, சேறு படிந்த பூட்ஸ். தோட்டத்தில் நம் ஆட்களோடு வேலை செய்து தமிழ் பழகியவர். தன் மகளை வகுப்புக்கு அனுப்பிய பின்னும் சன்னலோரம் நிற்பார். ஆசிரியை அவள் பேரைக் கூப்பிட்ட பிறகுதான் மோட்டார் சைக்கிளை எடுப்பார்.

ஒருநாள் காரணம் கேட்டேன்.

“முந்தி போன ஸ்கூல்ல இவ பேரு அவங்க வாயில வரலைக்கா. வேற பேரு வெச்சுட்டாங்க. அப்புறம் இவ பேசவே இல்ல.”

“இங்க சரியா சொல்றாங்களா?”

“இல்லலா, தப்பாத்தான் சொல்றாங்க. ஆனா இவகிட்டயே கேட்டுத் திருத்திக்கிறாங்க. இவளும் கத்திச் சொல்லிக் குடுக்குறா,” என்று சிரித்தார்.

அங்கே வைத்த பேர் என்ன என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

“அது அவ பேரு இல்லக்கா.”