மேல் வீட்டுக்காரருக்கு ஆட்சேபனை இல்லை

கண்டியில் கடைத்தெருவுக்குப் பின்னால் எழும்பும் மேட்டின் மேல் எங்கள் வீடு இருந்தது. கீழே தெரு. தெருவோரம் மூன்று மாடிக் கடைத்தொகுதி. அதன் முதுகுப்புறம் நெந்தாவின் காணியும் வீடும். அதற்கு மேலே நாங்கள். கடைத்தொகுதியைப் பின்பக்கமாகப் பெருப்பிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும், முதலில் நெந்தாவின் காணி போகும், பிறகு எங்கள் வீட்டுக் காலடி மண்ணை வெட்டுவார்கள் என்பது எங்களுக்கு விளங்கிவிட்டது. அதை விளங்கிக்கொள்ள எஞ்சினியர் தேவையில்லை.

நெந்தா எங்களுக்குச் சொந்தமில்லை. சிங்களத்தில் மாமியை அப்படிக் கூப்பிடுவார்கள். சின்ன வயதிலிருந்தே எனக்கு அவர் நெந்தாதான். அம்மா அவரை அக்கே என்பார். அவர் அம்மாவை நங்கி, அதாவது தங்கச்சி, என்பார். அப்பாவை மட்டும் மஹத்தயா என்று மரியாதையாக அழைப்பார். இவர்கள் பேசியதெல்லாம் சிங்களத்தில். எனக்கு அது தமிழிலேயே நினைவிருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை.

எண்பத்து மூன்று ஆடியில் கீழே கடைகள் எரிந்தபோது நெந்தா எங்களைத் தன் அடுப்படிக்குப் பின்னாலிருந்த விறகு அறையில் வைத்துப் பூட்டினார். வாசல் கேற்றடிக்கு வந்த கூட்டத்திடம், இங்கே ஒருவரும் இல்லை, அந்த மேல் வீடும் என்னுடையதுதான், அதை வாடகைக்கு விட்டிருந்தேன், இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள் என்றார். கடவுள் மேல் ஆணையாகச் சொன்னார். அவருடைய மகனுக்கு என் வயதுதான். சட்டைக்குள் பாண் ரொட்டியை ஒளித்துக்கொண்டு வந்து கதவிடுக்கால் தந்தான். நாங்கள் பிழைத்தோம், வீடும் பிழைத்தது. அந்த நெருப்புக்குத் தப்பிய தமிழ் வீடுகள் எங்கள் பக்கத்தில் அதிகமில்லை.

அதற்குப் பிறகு அம்மா நெந்தாவின் முன்னால் வேறு மனுஷியாகிவிட்டார். எங்களிடம் பேசினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும் குரல், நெந்தாவிடம் போனதும் தொண்டைக்குள் இறங்கிவிடும். பொங்கலன்று படைத்த கையோடு முதல் தட்டு அங்கேதான் போகும். ஒருமுறை நெந்தாவின் பலாமரக் கொப்பு முறிந்து எங்கள் கூரையில் விழுந்து ஓடெல்லாம் நொறுங்கியது. அம்மா போய்ப் பலாக்காய்க்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார். எனக்கு மூக்கின் மேல் கோபம். "ஓட்டுக்கு ஆர் காசு தாறது?" என்று கேட்டேன். "உயிருக்கு ஆர் தந்தது?" என்றார் அம்மா. எங்கள் வீட்டில் எந்தக் கதையும் அதோடு முடிந்துவிடும்.

பாண் கொண்டுவந்து தந்தவன் வளர்ந்து ஆமியில் சேர்ந்தான். வடக்கில், அப்பாவின் ஊருக்கு இரண்டு மூன்று மைல் தள்ளி, கண்ணிவெடியில் வலது கால் தொடைக்குக் கீழே போய்விட்டது. அந்த ஊரிலிருந்து எங்கள் சனமும் அதே மாதங்களில் மூட்டை முடிச்சோடு ஓடிக்கொண்டிருந்தது. செய்தி வந்த அன்று அம்மா நெந்தாவின் வீட்டுக்குப் போய் அவரோடு இருந்து அழுதார். திரும்பி வந்து எங்கள் சனத்துக்காக அழுதார். யாருக்காக எவ்வளவு அழுவது என்று அந்தக் காலத்தில் யாருக்குமே தெரிந்திருக்கவில்லை.

நெந்தாவின் வீட்டுக்கு வண்டிப் பாதை இல்லை. தெருவிலிருந்து செங்குத்தாக ஏறும் கற்படிகள் மட்டுமே. அதிலும் வருஷத்தில் பாதி நாள் பாசி. அவனை நான்கு பேர் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஒருமுறை கைத்தடிகளோடு தானாக இறங்கப் பார்த்து விழுந்து, தலையில் தையல் போட்டார்கள். அதன் பிறகு அவன் இறங்கவேயில்லை. யன்னலடியில் இருந்து கீழே போகிற பஸ்களைப் பார்ப்பான். தாயோடு சண்டை பிடிப்பான். அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். கேட்காத மாதிரி ரேடியோவைக் கூட்டுவோம்.

கடைத்தொகுதி முதலாளி நெந்தாவின் காணிக்குக் கொடுக்க வந்தது வெறும் காசு இல்லை. பிலிமத்தலாவையில், தெருவோடு ஒட்டிய சமதரையில், படியே இல்லாத ஒரு வீடு. மகனுக்கு அது போதும். கையெழுத்தும் ஆகிவிட்டது, ஒரே நிபந்தனையோடு: பின்பக்கக் கட்டடத்துக்கு மாநகரசபையின் அனுமதி கிடைத்தால்தான் விற்பனை.

மலைச்சரிவை வெட்டுவதால் சுற்றாடல் மதிப்பீடு செய்யவேண்டியிருந்தது. மூன்று மொழிப் பேப்பரிலும் அறிவித்தல் வந்தது: அறிக்கையைப் பொதுமக்கள் வந்து வாசிக்கலாம், ஆட்சேபனை இருந்தால் எழுத்தில் தரலாம், அதன் பிறகு பகிரங்க விசாரணை நடக்கும். அப்பா இளைப்பாறிய ஸ்டேஷன் மாஸ்டர். நாவலப்பிட்டியில் வேலை தொடங்கி கண்டியில் முடித்தவர். சட்டப்படி வாசிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவருக்கு அது வாசிக்கவேண்டும் என்ற கட்டளை. ஒவ்வொரு காலையும் குடையோடு மாநகரசபைக்குப் போவார். வாசலில் காவலாளி பையைத் துழாவி, அடையாள அட்டையில் பெயரைப் பார்த்து, பெயரைப் பார்த்ததால் இன்னொரு தரம் பையைத் துழாவுவான். அப்பா பொறுமையாக நிற்பார். உள்ளே போய் வாசித்துக் குறிப்பெடுப்பார். அறிக்கையின் இங்கிலீஷில் இருந்த பிழைகளையும் பென்சிலால் திருத்தியிருக்கிறார் என்று பிறகு அறிந்தேன். எங்கள் வீட்டுக்குக் குழிதோண்டப் போகிற கடதாசிக்கு இலவசமாக இலக்கணம் பார்த்துக் கொடுத்த ஒரே மனுஷன் என் தகப்பனாகத்தான் இருக்கும்.

அதில் எங்களைப் பற்றி ஒரு பந்தி இருந்தது. மேலே ஒரு வீடு உண்டு, அடிவாரத்தை வெட்டினால் கனமழைக் காலத்தில் நிலம் அசையக்கூடும், அந்த வீட்டுக்காரரின் கருத்தை அறிந்து முடிவெடுப்பது நல்லது என்று. அந்த விஷயத்தைப் பார்க்க ஓர் இளம் அதிகாரி வீட்டுக்கே வந்தார். நல்ல பிள்ளை. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஒளிக்காமல் சொன்னார்: "ஐயா ஆட்சேபனை தந்தால் பின்பக்கத்தை விடச் சொல்லுவோம். அவங்க மேலால ரெண்டு மாடி ஏத்திக் கட்டிக்கொள்ளட்டும். தராவிட்டால், தாங்குசுவர் கட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி போகும். சுவர் தாங்குமா என்று என்னைக் கேட்காதீங்க. தாங்கும் என்றுதான் கணக்குச் சொல்லுது."

அவர் போனதும் வீட்டில் சண்டை தொடங்கியது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கிவிட்டேன். வாயும் நீண்டுவிட்டது. ஆட்சேபனை கொடுத்தே ஆகவேண்டும் என்றேன். நெந்தா வேறு யாருக்காவது விற்கலாம் என்றேன். படி மட்டுமே உள்ள காணியை வேறு யார் வாங்குவார்கள் என்பது எனக்கும் தெரியும்.

"அந்தப் பிள்ளை தெருவைக் காணட்டும்," என்றார் அம்மா. "நாங்கள் மறிக்கிறதோ? எங்களை விறகறைக்குள்ளை வைச்சுக் காப்பாத்தினவவை நாங்கள் மறிக்கிறதோ?"

"அப்ப வீடு இடிஞ்சு விழட்டும், என்ன?"

"விழாது. சுவர் கட்டுவினம்."

"இஞ்சரும், கொஞ்சம் பேசாமல் இரும்," என்று அம்மாவிடம் சொன்னார் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, "நீயும்தான்," என்றார். அன்றிரவே தன் அழகான இங்கிலீஷில் ஆட்சேபனையை எழுதினார். ஆனால் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். விசாரணையில் நேரில் சொல்லலாமாம்.

இடையில் ஒருநாள் பின்னேரம் நெந்தா வந்தார். அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா தன் குறிப்புகளை எடுத்து ஒன்றும் விடாமல் சிங்களத்தில் சொன்னார், எங்கள் வீட்டுப் பந்தி ஒன்றைத் தவிர. நெந்தா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இதை நிறுத்த யாருக்காவது ஏலுமா, மஹத்தயா?" என்றார். அப்பா பொய் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "இல்லை," என்றார். "ஒருவரும் நிறுத்த மாட்டார்கள். நீங்கள் பயப்பட வேண்டாம்."  அம்மா கொடுத்த தேத்தண்ணியில் ஆடை படிந்தது. நெந்தா அதைக் குடிக்காமலே எழுந்து போனார். இரண்டு நாள் கழித்து வந்து திரும்பவும் அதையே கேட்டார். அப்பா திரும்பவும் அதையே சொன்னார். பாவம், அனுமதி கிடைக்காமல் போய்விடுமோ என்று மனுஷிக்கு நித்திரையில்லை என்றார் அம்மா.

விசாரணை நாளன்று மண்டப வாசலில் துவக்கோடு ஆமிக்காரர் இருவர் நின்றார்கள். அவர்களைத் தாண்டித்தான் எல்லோரும் போனோம். உள்ளே, தமிழில் பேச விரும்புகிறவர்களுக்காக ஒரு மொழிபெயர்ப்பாளரை இருத்தியிருந்தார்கள். அந்தக் காலத்தில் கண்டியில் பஸ்ஸுக்குள்ளேயே நாங்கள் தமிழில் குரலெடுத்துப் பேசுவதில்லை. மண்டபத்தில் மைக்கைப் பிடித்து யார் பேசப்போகிறார்கள்? மொழிபெயர்ப்பாளர் தன் பேனையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கடைக்காரர்கள் எழும்பி வாகனம் நிறுத்துவது பற்றியும், கழிவுநீர்க் கான் அடைத்து நாறுவது பற்றியும் பேசினார்கள். எல்லோருக்கும் நீதியாக நேரம் கொடுத்தார்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

முன்வரிசையில் நெந்தா இருந்தார். பக்கத்தில் மகன். அவனை அன்று காலை கதிரையோடு இறக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். வலது காற்சட்டைக் காலை மடித்து ஊசி குத்தியிருந்தது. புதுச்சட்டை போட்டிருந்தான். கலியாண வீட்டுக்கு வந்தவனைப்போல எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். எங்களைக் கண்டு கையும் காட்டினான்.

மேல் வீட்டுக்காரர் வந்திருக்கிறாரா என்று கேட்டார்கள். அப்பா எழுந்தார். கை சட்டைப்பைக்குப் போனது.  அப்பா நெந்தாவின் மகனைப் பார்த்தார். பிறகு கையை வெறுமனே கீழே விட்டார். ஆட்சேபனை இல்லை என்று சிங்களத்தில் சொன்னார். அவர் ஒழுங்கானவர், பதிவில் பிழை வரக்கூடாது என்று இங்கிலீஷிலும் ஒருமுறை சொன்னார். நெந்தா தலையைக் குனிந்துகொண்டார். நன்றி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

நான் வீடு வரும்வரை அப்பாவோடு பேசவில்லை. அடுத்த கிழமை முழுக்கவும் பேசவில்லை.

அனுமதி கிடைத்தது. நெந்தா பிலிமத்தலாவைக்குப் போனார். அவர் வீட்டை இடித்தார்கள், பலாமரத்தைத் தறித்தார்கள், மண்ணை வெட்டினார்கள். சொன்னபடி தாங்குசுவரும் கட்டினார்கள். ஒழுங்கான சுவர், நானே போய்ப் பார்த்தேன். இரண்டாவது வருஷ ஐப்பசி மழையில் எங்கள் அடுப்படி நிலத்தில் கோடு விழுந்தது. அது சாமியறைக்குள் போய், சுவரில் ஏறி, கையை உள்ளே விடலாம் என்ற அளவுக்கு வந்தது. வந்து பார்த்தவர்கள் உடனே வெளியேறச் சொன்னார்கள். யாரிடம் போய் என்ன கேட்பது? மேல் வீட்டுக்காரருக்கு ஆட்சேபனை இல்லை என்று அப்பாவே இரண்டு மொழியில் சொல்லியிருந்தார். அம்பிட்டியவில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். அப்பா அங்கேதான் செத்தார். அந்த வீட்டைப் பற்றிக் கடைசிவரை ஒரு சொல் சொல்லவில்லை.

செத்தவீட்டுக்கு நெந்தாவால் வரமுடியவில்லை, காய்ச்சலாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து கொஞ்ச நாளில் அம்மாவும் நானும் பஸ் ஏறிப் பிலிமத்தலாவைக்குப் போனோம். மகன் வீட்டு முகப்பில் டெலிபோன் கடை போட்டிருந்தான். வாசலில் கூட்டம். நன்றாகக் கொழுத்து, சிரித்துக்கொண்டிருந்தான். அவனைக் கண்டதும் எனக்கும் சந்தோஷம் வந்தது. அதை மறைக்கத் தேவையில்லை.

நெந்தா பின்னறையில் இருந்தார். அந்த அறைக்கு ஒரு யன்னல். யன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். எங்கள் வீட்டில் வெடிப்பு விழுந்ததைப் பற்றி அம்மா பேசவே இல்லை. நெந்தாதான் தொடங்கினார்.

"மஹத்தயா எழும்பி வேண்டாமெண்டு சொல்லுவார் எண்டுதான் நான் அண்டைக்கு விசாரணைக்கு வந்தனான், நங்கி."

அம்மாவுக்கு விளங்கவில்லை.

"அந்த வீட்டை விட்டு வர எனக்கு விருப்பமில்லை. கலியாணம் கட்டி வந்த நாளிலயிருந்து இருந்த வீடு. மகனிட்ட மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? காலைக் குடுத்திட்டு வந்த பிள்ளை. வேற ஆரும் மறிச்சால், பார் மகன், விடுறாங்களில்லை, நான் என்ன செய்ய எண்டு சொல்லியிருப்பன். அதுக்குத்தானே வந்து வந்து கேட்டனான், நிறுத்த ஆருக்காவது ஏலுமா எண்டு."

அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான் யன்னலுக்கு வெளியே இருந்த சுவரைப் பார்த்தேன். எனக்கு எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது. செத்த அப்பா மேலும் வந்தது.

"உங்களுக்கு எதிரா நிண்டு பேச எங்களுக்கு வாய் ஏது, அக்கே?" என்றார் அம்மா. "உயிரைத் தந்த மனுசியிட்ட வேண்டாமெண்டு சொல்லுறது எப்பிடி?"

 முன்கடையில் மகன் யாருக்கோ உரத்த குரலில் மிச்சக்காசு எண்ணிக்கொண்டிருந்தான்.

"நான் உங்களை ஒளிச்சு வைச்சிருக்காட்டி," என்றார் நெந்தா பிறகு, "வேண்டாமெண்டு சொல்லியிருப்பீங்களா?"

அம்மா இவருக்காக எத்தனையோ வருஷம் மனதில் உள்ளதை மறைத்துப் பேசியவர். இம்முறையும் ஏதாவது இதமாகச் சொல்லுவார் என்று நினைத்தேன்.

"ஓம், அக்கே," என்றார். "முதல் ஆளா எழும்பிச் சொல்லியிருப்பம்."

நெந்தா தலையாட்டினார். அம்மாவின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள், இருட்டுமுன் பஸ் பிடிக்கவேண்டும் என்று நான் இரண்டு தரம் சொன்ன பிறகும்.