ஹில்டேவின் முறைக்காகக் காத்திருந்த ஒரு நிமிடம்

இந்த நாட்டில் மருத்துவர்தான் நம்மைத் தேடி வெளியே வருகிறார். நார்வேக்கு வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் எனக்கு அது பழகவில்லை. பொன்னேரியில் டோக்கன் எண்ணைக் கத்துவார்கள், நாம் அடித்துப் பிடித்து ஓட வேண்டும். இங்கே கம்பளிக் காலுறையோடு ஓர் அம்மாள் காத்திருப்பு அறைக்கு வந்து, என் பெயரைத் தன்னால் முடிந்த அளவுக்குச் சொல்லி, கை கொடுத்து, காப்பி வேண்டுமா என்று கேட்டார். பெயர் ஹில்டே, உளவியல் நிபுணர். என் மூளையைச் சோதிக்கப் போகிறவர் அவர்தான். காப்பியும் சோதனையில் சேர்த்தியோ என்ற சந்தேகத்தில், கோப்பையைச் சத்தம் வராமல் மேசையில் வைத்தேன்.

நான் பேருந்து ஓட்டுகிறவன். போன பனிக்காலத்தில் டிப்போ வாசலில், உறைந்த தரையில் வழுக்கிப் பின்மண்டை அடிபட விழுந்தேன். காயம் ஆறிவிட்டது. ஆனால் தினம் அறிவிக்கும் நிறுத்தங்களின் பெயர்கள்கூட நாக்கு வரை வந்து திரும்பிப் போயின. உளவியல் சோதனையில் தேறினால்தான் இனி ஸ்டியரிங்கைத் தொடலாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்த இன்னொரு வேலையான மீன்பிடிப்பு பழவேற்காடு ஏரியில்தான் இருக்கிறது.

ஏரிக்கரையில் பசியாவரத்தில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “இன்னாடா, மெண்டல் ஆஸ்பத்திரிக்கா போறே? அம்மாகிட்ட மூச்சு வுடாத” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் மனசு சரியில்லாதவரை மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள், இல்லையென்றால் நாலு பேருக்குத் தெரியாமல் வீட்டோடு வைத்துக்கொள்வார்கள். எனக்கும் உள்ளுக்குள் அதே உதறல்தான்.

சோதனை எப்படி இருக்கும் என்று இங்குள்ள நம்மவர்கள் இன்னமும் கேட்கிறார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. ஹில்டே சில எண்களைச் சொன்னார், நான் திருப்பிச் சொன்னேன். அவர் மறுபடி சொன்னார், நான் பின்னாலிருந்து சொன்னேன். அவர் சில சொற்களைச் சொன்னார், நானும் சொன்னேன். எதற்கும் சரி, தப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை, அதுதான் கொடுமை. பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் தப்பென்றால் தலையில் ஒரு குட்டு விழும், உடனே தெரிந்துவிடும். இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே புன்னகை. அவருடைய பேனா சற்றுக் கூடுதலாக ஓடினாலே, தப்போ என்று அதைத் தலைகீழாகப் படிக்கப் பார்த்தேன். ஏரியில் பாதி நாள் சட்டையில்லாமல் நின்றவன் நான். அந்த அறையில் கோட்டும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து, ஒரு நிமிடத்துக்குள் எத்தனை விலங்குகள் சொல்ல முடியுமோ அத்தனை, என்று சொல்லிக் கடிகாரத்தை அழுத்தினார். நான் “நாய்” என்றேன். பிறகு அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அதுவரை ஆளுக்கொரு முறையாகத்தானே போய்க்கொண்டிருந்தது? நான் ஒன்று சொல்லிவிட்டேன், இனி அவர் முறை. எங்கள் ஏரியில் மீன் நன்றாக விழும் இடங்களை ஊர்க்காரர்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்று உன் பாடு என்றால் நாளை என் பாடு. உரியவன் வரத் தாமதமானாலும், கண்ணெதிரே மீன் துள்ளினாலும், அடுத்தவன் வலை இறங்காது. அந்த அம்மாளுக்கு ஒன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது, பாவம் என்று நான் பொறுமையாகக் காத்திருந்தேன். கடிகாரம் நின்றபோது, அவசரப்பட்டு முந்திக்கொள்ளவில்லை என்று மனசுக்குள் ஒரு பெருமை வேறு.

சில நாள் கழித்து ஹில்டே மீண்டும் அழைத்தார். மற்றவை எல்லாம் நன்றாக வந்திருக்கின்றன, இந்த ஒரு நிமிடத்தில் மட்டும் ஒரே ஒரு சொல், மற்றவற்றோடு இது பொருந்தவில்லை என்றார். அவர் நினைத்திருந்தால் தேறவில்லை என்று எழுதி முடித்திருக்கலாம். அடிபட்ட மண்டைதானே என்று நானும் நம்பியிருப்பேன். அவரோ பேனாவை மேசையில் வைத்துவிட்டு, “அந்த நிமிடத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” என்று கேட்டார்.

“உங்களுக்காகக் காத்திருந்தேன்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பாடு என்றால் என்ன என்பதை எனக்குத் தெரிந்த நார்வேஜியத்தில் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். தான் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று என்னிடம் வருத்தம் தெரிவித்தார். சில வாரம் போகட்டும், மறுபடி செய்யலாம், எந்த மொழியிலும் சொல்லலாம், தமிழ் தெரிந்தவரை வைத்துக்கொள்கிறேன் என்றார். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். என்னைச் சோதிக்க வந்தவர் முதலில் தன்னைச் சோதித்துக்கொண்டார். அந்த நன்றியை எந்த மொழியில் சொல்வது என்று அன்று தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

இதை அண்ணனிடம் சொன்னபோது அவருக்கு இதில் வியக்க ஒன்றுமே இல்லை. “பின்ன இன்னாடா? அந்தம்மா பாடு, அதுல நீ எப்டி பூந்துடுவே?” என்றார்.

இரண்டாம் முறை கடிகாரம் ஓடத் தொடங்கியதும் என் வாயிலிருந்து மடவை வந்தது, இறால் வந்தது, நண்டு, கெளுத்தி, கூழைக்கடா வந்தன. பூநாரையை அடுத்து, இங்கே காட்டில் திரியும் எல்க் மான் எப்படி வந்ததோ தெரியாது. அதன் பின்னால் இந்தக் கடலின் தொர்ஸ்க் மீன், கடல்நாய், மறுபடி எங்கள் ஏரியின் உல்லான் குருவி. பக்கத்திலிருந்த தமிழ்ப்பெண் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல ஹில்டே எழுதிக்கொண்டே போனார். எது எந்த நாட்டுப் பிராணி என்று பிரித்து வைக்கவில்லை, எல்லாமே ஒரே கணக்கில் சேர்ந்தன.

இப்போது மறுபடியும் பேருந்து ஓட்டுகிறேன். என் தடத்தில் பாதை ஒரு வண்டி மட்டும் போகும் அளவுக்குக் குறுகிவிடுகிறது. அங்கங்கே சற்று அகலமாக ஓரிடம் விட்டிருப்பார்கள், மோத்தெபிளாஸ் என்பார்கள். ஒருவர் அதில் ஒதுங்கி நின்றால்தான் எதிரே வருகிறவர் போக முடியும். நேற்றும் அப்படி ஒதுங்கி நின்றேன். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஃபியோர்டின் தண்ணீர். எதிர்க் காரின் கிழவர் கையை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். அடுத்த நிறுத்தத்தின் பெயரைப் பிசகில்லாமல் நார்வேஜியத்தில் அறிவித்துவிட்டு, மைக்கை அணைத்தபின் கண்ணாடி வழியே அவரிடம் தமிழில் சொன்னேன்: “உன் பாடு, நீ போ நைனா.”